யாருக்கு எதிரே யார்?

நான் கால்பந்தில் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் தடுப்பவன். தூத்தூர் கரை மணலில் ஆடி வளர்ந்தவன். வலது கால் எனக்கு நிற்பதற்கு மட்டும்தான். ஒரு திருவிழாப் போட்டியின் செமி ஃபைனலில் கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். ஃபைனலில் அவருடைய அணி என் பக்கம் ஒரு இடதுகால் பையனை இறக்கியது. அவன் கோட்டோரம் ஓடவே இல்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே வெட்டி, என் வலது காலைத் தாண்டியே போனான். இடைவேளைக்குள் இரண்டு கோல்.

எங்கள் ஊர் கேரள எல்லையோரம். இந்தியக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். சீசன் வந்தால் கேரளா பிளாஸ்டர்ஸ் மஞ்சளா, சென்னையின் நீலமா என்று கிளப்பில் தொண்டை கிழியும். எந்த அணி பலம் என்ற அந்தச் சண்டையில் நான் சேருவதில்லை. யாருக்கு எதிரே யார் என்றுதான் பார்ப்பேன்.

ஒரு மேட்ச்சுக்கு முன்னால் இரண்டு அணிகளை ஒப்பிட, முதலில் ஒரு பேப்பரில் மைதானம் வரைந்து இரண்டு அணிகளையும் எதிரெதிராக நிறுத்துங்கள். இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் லெஃப்ட் விங்கருக்கு (இடது ஓரமாக ஏறித் தாக்குபவர்) நேரே லெஃப்ட் பேக் வந்து நிற்பார். உண்மையில் அவர் மோதப்போவது ரைட் பேக்கோடு. நடுவில் தலையை எண்ணுங்கள். 4-3-3 (தடுப்பில் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று) ஆடும் அணியின் மூன்று பேருக்கு எதிரே 4-4-2 அணிக்கு நடுவில் இரண்டே பேர், மற்ற இருவர் ஓரங்களில். மிச்சமிருக்கும் அந்த ஒருவரை யார் பிடிப்பார்? விங்கர் உள்ளே வந்தால் ஓரம் திறந்துவிடும்.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், இடத்தைப் பாருங்கள். எங்கள் கரையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் விங்கர். 2019-20 சீசனில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி மூன்று ஸ்டாப்பர்களை (நடுவில் தடுப்பவர்கள்) நிறுத்தி அவரை லெஃப்ட் விங் பேக்காக, அதாவது இடது ஓரம் முழுக்க ஏறி இறங்குபவராக ஆட வைத்தது. ஆள் அதேதான், ஆனால் அவர் ஏறிப் போனபின் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் இடத்தை யார் மூடுவது என்பது புதுக் கேள்வி.

அதற்கு ஹைலைட்ஸ் உதவாது, அதில் கோல் மட்டும்தான் இருக்கும். குறைந்தது இரண்டு முழு மேட்ச் பாருங்கள். பந்து வலது ஓரத்தில் இருக்கும்போது கண்ணை இடது பேக் மேல் வையுங்கள். அவர் உள்ளே ஒதுங்குகிறாரா, தூங்குகிறாரா? பந்தைப் பின்தொடரும் கண்ணை அடக்க எனக்கே இரண்டு வருடம் பிடித்தது.

2022 உலகக் கோப்பை ஃபைனலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வலது பக்கம் ஆடிப் பழகிய டி மரியாவை அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி இடது பக்கம் வைத்தார். எதிரே பிரான்ஸின் ரைட் பேக் கூண்டே, அடிப்படையில் ஸ்டாப்பர். அவருக்குத் துணையாக இறங்க வேண்டியவர் டெம்பெலே. தாக்குவதற்கென்றே பிறந்த ஆள், தடுப்பதற்கல்ல. அவர் டி மரியாவை பாக்ஸுக்குள் சாய்க்க, பெனால்டியை மெஸ்ஸி அடித்தார். 36-ஆவது நிமிடத்தில் டி மரியாவே இரண்டாவதைப் போட்டார். இடைவேளை வரைகூடப் பொறுக்காமல் 41-ஆவது நிமிடத்திலேயே பிரான்ஸ் பயிற்சியாளர் தெஷாம் டெம்பெலேவையும் ஜிரூவையும் வெளியே எடுத்தார். அப்புறம் 64-இல் டி மரியாவை அர்ஜென்டினா மாற்றியது. 80, 81-இல் பிரான்ஸின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல். ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெஞ்சில் இருப்பவர்களையும் பேப்பரில் எழுதச் சொல்வது இதனால்தான். ஐந்து பேரை மாற்றலாம் என்றால் 70-ஆவது நிமிடத்தில் நடப்பது வேறொரு மேட்ச்.

கார்னருக்குத் தனியாக ஒரு மூலை ஒதுக்குங்கள்: யார் உயரம், ஆளைப் பிடிக்கிறார்களா இடத்தைப் பிடிக்கிறார்களா, கீப்பர் வெளியே வருவாரா. காயம், கார்டு தடை, கடைசி மேட்ச் முடிந்து எத்தனை நாள் ஓய்வு, இவை ஒரு வரி போதும்.

கிக் ஆஃபுக்கு ஒரு மணி நேரம் முன்னால் லெவன், அதாவது இறங்கப்போகும் பதினொரு பேரின் பட்டியல், வரும். அப்போது பாதியை அடித்து எழுத வேண்டியிருக்கும். அதனால் நான் பென்சில்தான் வைத்திருப்பேன். முதல் பத்து நிமிடம் லெஃப்ட் பேக்கைப் பார்ப்பேன். பந்தை எந்தக் காலில் வாங்குகிறான் என்று.