பரீட்சை ஹாலில் பதற்றம் வந்தால் என்ன செய்வது?

பிளஸ் டூ பொதுத்தேர்வில் 10 மணிக்கு வினாத்தாள் வரும். வாசிக்க 10 நிமிடம், முகப்புத்தாள் விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம், 10.15-க்கு எழுத ஆரம்பம். நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் பலருக்கு இந்தக் கால் மணி நேரத்தில்தான்.

அட்ரினலின் சுரக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பயம் மனசை அடைத்துக்கொள்வதால் படித்தது மேலே வர வழியில்லாமல் நிற்கும். ‘எல்லாம் மறந்துபோச்சு’ என்று தோன்றுவது அதனால்தான். படித்தது எங்கேயும் போய்விடவில்லை.

முதலில் மூச்சு. மூக்கால் 4 எண்ணும்வரை இழுங்கள், 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். இப்படி 5 முறை. ஒரு நிமிடம்கூட ஆகாது. மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு தணியும், அதனால் விடுவது நீளமாக இருக்க வேண்டும். ‘நல்லா இழுத்து விடு’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேகவேகமாகப் பெரிய மூச்சு விடுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் இரட்டிக்கும்.

வாசிக்கும் 10 நிமிடத்தில் தெரியாத கேள்வியில் கண்ணை நிறுத்தாதீர்கள். நன்றாகத் தெரிந்த ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றையாவது முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு கட்டாய வினாக்களைப் பாருங்கள்.

நேரக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். இயற்பியலில் எழுத்துத்தேர்வு 70 மதிப்பெண், 180 நிமிடம். ஒரு மதிப்பெண் 15-க்கும் சேர்த்து 20 நிமிடம்; இரண்டு மதிப்பெண் 6, தலா 5 நிமிடம்; மூன்று மதிப்பெண் 6, தலா 7; ஐந்து மதிப்பெண் 5, தலா 13. மொத்தம் 157 நிமிடம். மிச்சம் 23 நிமிடம் இருக்கிறது என்பது தெரிந்தாலே, பக்கத்து பெஞ்சில் ஒருவர் அடிஷனல் ஷீட் கேட்கும்போது கை உதறாது.

எழுதிக்கொண்டிருக்கையில் சட்டென்று ஒன்றும் ஓடவில்லையா? பேனாவைக் கீழே வையுங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி 5 எண்ணி விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள். அந்தப் பாடத்தில் ஞாபகம் இருக்கிற ஏதாவது ஒன்றை, ஒரு படத்தையோ சூத்திரத்தையோ, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஒன்று வந்தால் அடுத்தது தொற்றிக்கொண்டு வரும். இரண்டு நிமிடத்தில் வரவில்லையென்றால் அரைப்பக்கம் இடம் விட்டு, வினா எண்ணைப் போட்டுவிட்டு நகருங்கள். அங்கேயே உட்கார்ந்து மல்லுக்கட்டுவதுதான் பெரிய நஷ்டம். தெரிந்த கேள்விகளுக்கான நேரமும் அதில் போய்விடும். முடித்த பிறகு விடைத்தாளில் பென்சிலால் எழுதியதை அடித்துவிட மறக்காதீர்கள்.

வெறும் வயிற்றோடு கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) மட்டும் குடித்துவிட்டு வருவதை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய பார்க்கலாம். பசியில் வரும் நடுக்கமும் தேயிலை தரும் படபடப்பும் பயம் போலவே இருக்கும், பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் புட்டும் பயறும், கூட ஒரு மட்டிப்பழம் போதும். மார்ச் மாதப் புழுக்கத்தில் தண்ணீரும் வேண்டும். ஒரேயடியாகக் குடிக்காமல் அரைமணிக்கு ஒருமுறை இரண்டு மிடறு. கை வியர்த்தால் பேனா வழுக்கும், ஒரு பருத்திக் கைக்குட்டை இருக்கட்டும்.

மார்த்தாண்டம், தக்கலை நெரிசலில் பஸ் மாட்டினால் பதற்றம் ஹாலுக்கு முன்பே தொடங்கிவிடும். 9.15-க்குள் பள்ளிக்கூடம் வந்துவிடுகிற பஸ்ஸைப் பிடியுங்கள். கேட் வாசலில் நின்று ‘இது படிச்சியா, அது படிச்சியா’ என்று கேட்கிற கூட்டத்திலிருந்து விலகி நில்லுங்கள். வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: பரீட்சை முடிந்து வரும் பிள்ளையிடம் ‘மக்ளே, எத்தன மார்க் வரும்?’ என்று கேட்காமல் சோறு போடுங்கள். அடுத்த பரீட்சைக்கான பயம் பாதி அந்தக் கேள்வியில்தான் முளைக்கிறது.

எழுதும்போது தலை சுற்றினாலோ மூச்சு முட்டினாலோ கையை உயர்த்தி ஹால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். பல நாளாகத் தூக்கமில்லை, பரீட்சை என்றாலே வாந்தி என்றால் 104 (அரசு மருத்துவ உதவி எண்) அல்லது 14416-க்கு (அரசு மனநல உதவி எண்) அழைக்கலாம்; தமிழில் பேசலாம், காசு இல்லை. நேரில் பார்க்க ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.