பாஞ்சோ உள்ள ஓவியங்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஓவியத்தில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் இருந்தாலே "ஆட்டம், பாட்டம், கொண்டாட்டம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். யார் கையில், யார் பார்ப்பதற்காக, எந்தக் காலத்தில் வரைந்தது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் தலைகீழாக மாறும்.

முதலில், அது வெள்ளையர்களின் கிராமியக் கருவி என்ற நினைப்பை விடுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும், தங்கள் மண்ணில் இருந்த கருவிகளை நினைவில் வைத்து, சுரைக்குடுக்கைமேல் தோல் போர்த்திக் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் செய்துகொண்டது அது. தெற்குக் கரோலைனாவில் 1785–90 வாக்கில் வரையப்பட்ட ‘த ஓல்டு பிளான்டேஷன்’ என்ற நீர்வண்ண ஓவியத்தில் அந்தச் சுரைக்குடுக்கை பாஞ்சோவைத் தெளிவாகவே பார்க்கலாம். வரைந்தவராகக் கருதப்படும் ஜான் ரோஸ், அடிமைகளை வைத்திருந்த பண்ணையார். கருவி எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படத்தை நம்பலாம். அங்கிருந்தவர்கள் சந்தோஷமாக வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

கறுப்பினத்தவர் பாஞ்சோ வாசிக்கும் எல்லாப் படங்களையும் ஒரே கணக்கில் சேர்ப்பதுதான் பெரிய தவறு. 1840களிலிருந்து வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, பாஞ்சோ வாசித்துக் கறுப்பினத்தவரைக் கேலி செய்த ‘மின்ஸ்ட்ரல்’ மேடை நிகழ்ச்சிகள் சக்கைப்போடு போட்டன. பல்லை இளித்துக்கொண்டு பாஞ்சோவைத் தட்டும் கேலிச்சித்திரங்கள் அச்சில் குவிந்தன. ஹென்றி ஒசாவா டானர் என்ற கறுப்பின ஓவியர் 1893இல் ‘த பாஞ்சோ லெசன்’ வரைந்தபோது ஊர் முழுக்கப் பழகியிருந்தது அந்தப் படங்கள்தான். அவர் ஓவியத்தில் யாரும் ஆடவில்லை, இளிக்கவில்லை. ஒரு பெரியவரின் முழங்கால்களுக்கு நடுவே சிறுவன் நிற்கிறான். பாஞ்சோ அவன் உயரத்துக்குப் பெரிது, அதனால் அதன் கழுத்தைப் பெரியவர் கைகொடுத்துத் தாங்குகிறார். இருவர் பார்வையும் கருவிமேல்தான். இடப்பக்கம் குளிர்ந்த பகல் வெளிச்சம், வலப்பக்கம் கணப்பு நெருப்பின் வெளிச்சம். கேலிப்பொருளாக்கப்பட்ட கருவி இங்கே பெரியவர் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் சொத்தாகிறது. இது தெரியாமல் "அழகான தாத்தா–பேரன் படம்" என்று மட்டும் சொன்னால் டானர் செய்ததில் பாதி கண்ணில் படாமலே போய்விடும்.

அதற்காக வெள்ளை ஓவியர் வரைந்தாலே கேலி என்றும் முடிவுகட்ட வேண்டாம். வில்லியம் சிட்னி மவுன்ட் 1856இல் வரைந்த பாஞ்சோ கலைஞர் தனி முகமும் மிடுக்கும் உள்ள மனிதராகவே இருக்கிறார்.

அப்புறம், நம்மூரில் பேஞ்சோ என்று சொல்லப்படும், கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவின் படத்தை இந்தக் கட்டுரைகளில் சேர்த்துவிடாதீர்கள். அது ஜப்பானின் தைஷோகோட்டோ வழியில் வந்த வேறு கருவி.