மேசைமேல் பெம்பேசிப் போர், 1893: களம் அமைக்கும் முறை

1893 நவம்பர் 1, நண்பகல். இன்றைய ஜிம்பாப்வேயில் உள்ள புலவாயோவை நோக்கி மேஜர் ஃபோர்ப்ஸ் தலைமையில் வந்த பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் படையை, அரசர் லொபெங்குலாவின் இந்தெபெலே வீரர்கள் பெம்பேசியில் தாக்கினார்கள். அந்தப் போரைப் பொம்மைகளாலும் பகடையாலும் மேசைமேல் ஆடும் முறை இது.

180 × 120 செ.மீ. மேசை போதும். 1 செ.மீ. 10 மீட்டர், ஒரு சுற்று ஒரு நிமிடம், ஒரு பொம்மை 20 பேர். கம்பெனிப் படை 650–700 பேர் என்பதால் 35 பொம்மைகள். இந்தெபெலே பக்கம் 6,000 வரை மதிப்பிடுகிறார்கள். அதற்கு 300 வேண்டும். முதலில் 80 செய்துகொள்ளுங்கள். அடியை அதிகம் தாங்கிய இம்பிசோ, இங்குபோ ரெஜிமென்டுகளுக்கு அது போதும். பொம்மை 6 மி.மீ. அளவில் இருக்கட்டும். 28 மி.மீ. என்றால் வண்டிகளே மேசையை அடைத்துக்கொள்ளும், சுடும் தூரம் பொய்யாகிவிடும்.

லாகர், அதாவது வண்டிகளை வளைத்து அமைத்த அரண், இரண்டு வேண்டும்: கம்பெனிப் படையின் சாலிஸ்பரி அணிக்கு ஒன்று, விக்டோரியா அணிக்கு ஒன்று. வண்டிகளை ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கி வளைத்து, இடைவெளியில் முள் வெட்டி அடைத்ததாகக் காட்டுங்கள். மொத்தம் ஐந்து மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள். அவற்றை மூலைகளில் வையுங்கள், இரு பக்கமும் சுட முடியும். சாலிஸ்பரி லாகருக்கு 40 செ.மீ. தள்ளிப் புதர்க்காடு தொடங்கட்டும். ஓடிவரும் வீரருக்குச் சுற்றுக்கு 12 செ.மீ. கொடுத்தால், வண்டியைத் தொட நான்கு சுற்று ஆகும்.

பெரும்பாலான ஆட்டங்கள் கெடுவது மாக்சிம் விதியில்தான். நிமிடத்துக்கு 500 குண்டுக்கு மேல் சுடும் என்று படித்துவிட்டுப் பகடையை அள்ளிக் கொடுத்தால் இரண்டே சுற்றில் ஆட்டம் முடிந்துவிடும். மாக்சிமுக்கு 6 பகடை கொடுங்கள். இரண்டு 1 விழுந்தால் துப்பாக்கி அடைத்துக்கொண்டு, அடுத்த சுற்று முழுக்கச் சுடாது.

இந்தெபெலே வீரருக்கு ஈட்டி மட்டும் கொடுப்பது இன்னொரு பிழை, வரலாற்றுக்கும் அநீதி. சுரங்க உரிமைக்காக லொபெங்குலாவுடன் செய்த 1888 ரட் ஒப்பந்தம் அவருக்கு ஆயிரம் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளைத் தருவதாகச் சொன்னது. மூன்றில் ஒரு பொம்மைக்குத் துப்பாக்கி கொடுங்கள். ஆனால் குறி உயரே போகும், 6 விழுந்தால் மட்டுமே அடி. பாதிப்பேர் விழுந்தாலும் ரெஜிமென்ட்டை மேசையிலிருந்து எடுக்காதீர்கள். காட்டுக்குள் பின்வாங்கி, ஒரு சுற்று அணிதிரண்டு, மறுபடி வரட்டும். அன்று அவர்கள் மீண்டும் மீண்டும் வந்தார்கள்.

கம்பெனியின் குதிரைகள் லாகருக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. சத்தத்தில் மிரண்டு ஓடின. மூன்றாம் சுற்றில் அவற்றைக் காட்டுப்பக்கம் 30 செ.மீ. நகர்த்துங்கள். மீட்கப் போகும் குதிரைவீரர்கள் லாகரின் சுடும் கோட்டை மறைப்பார்கள். இந்தெபெலே ஆட்டக்காரருக்கு உண்மையான வாய்ப்பு அந்த இரண்டு மூன்று சுற்றுகளில்தான். குதிரைகளைப் பிடித்தாலோ, ஒரு பொம்மை வண்டியைத் தொட்டாலோ வெற்றி அவருக்கே.