சாம்பல் நிறச் சுவருக்குத் துணை நிறம் தேர்வது எப்படி? மதுரை வீடுகளுக்கு ஒரு செய்முறை

சாம்பல் நிறம் அடிப்பது என்று முடிவு செய்தவர்கள் நேராகப் பெயிண்ட் கடைக்குப் போய் ஷேட் கார்டை விரிக்கிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல, வீட்டின் தரை. சாம்பல் நிறம் பக்கத்தில் இருப்பதைப் பொறுத்தும் மேலே விழும் வெளிச்சத்தைப் பொறுத்தும் மாறித் தெரியும். ஒத்தக்கடை வழியாகப் போகிறவர்களுக்கு இது புரியும்: யானைமலை காலையில் ஒரு நிறம், உச்சி வெயிலில் இன்னொன்று, மழை நனைத்தபின் வேறொன்று.

1. மாற்ற முடியாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்

தரை, கதவு, ஜன்னல், சமையல் மேடைக் கல் ஆகியவற்றை மாற்றச் செலவு அதிகம். அவை அப்படியே இருக்கட்டும், சுவர்தான் அவற்றுக்கு இணங்கிப் போக வேண்டும்.

2. சாம்பலுக்குள் ஒளிந்திருக்கும் நிறத்தைக் கண்டுபிடியுங்கள்

கடையில் விற்கும் சாம்பல் நிறங்களில் பெரும்பாலானவற்றில் நீலமோ பச்சையோ ஊதாவோ பழுப்போ கொஞ்சம் கலந்திருக்கும். ஷேட் கார்டின் சிறிய மாதிரிச் சீட்டில் அது கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டு வழிகள் உண்டு. சீட்டை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். அல்லது ஷேட் கார்டில் அதே வரிசையில் உள்ள மிக அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் மறைந்திருப்பது அங்கே பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

3. தரையோடு பொருத்துங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இதுதான்.

மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் இருப்பதுபோல உங்கள் தரை சிவப்புக் காவித் தரை என்றால் நீலச் சாம்பலைத் தவிர்ப்பது நல்லது. சிவப்பின் அருகே இருக்கும் சாம்பல், கண்ணுக்கு லேசாகப் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். ஒரு நிறம் பக்கத்து நிறத்தை இப்படி மாற்றிக் காட்டுவதைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் விரிவாக விளக்கி எழுதினார். ஏற்கெனவே நீலம் உள்ள சாம்பல் காவித் தரைமேல் ஆஸ்பத்திரிச் சுவராகிவிடும். பழுப்பு கலந்த வெளிர் சாம்பல் அந்தத் தரைக்கு நன்றாகச் சேரும்.

புதுக் குடியிருப்புகளில் பரவலாகக் காணப்படும் கிரீம் நிற விட்ரிஃபைடு டைல்ஸுக்கும் இதே பழுப்புச் சாம்பல்தான். நீலச் சாம்பல் அடித்தால் சுவர் பளிச்சென்று இருக்கும், ஆனால் தரை மஞ்சள் படிந்து பழையதாகத் தெரியும்.

பூ வேலைப்பாடும் நிறமும் நிறைந்த ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் சுவர் அடங்கியிருக்க வேண்டும். மிக வெளிர்ந்த சாம்பல் போதும்.

நீலச் சாம்பலுக்கு ஏற்ற துணை தேக்கு. மெழுகிய தேக்குக் கதவின் செம்மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று எடுத்துக் காட்டும். வெள்ளைத் தரையும் தேக்கு நிலைகளும் உள்ள வீட்டில் தயங்காமல் அடிக்கலாம்.

4. திசையையும் விளக்கையும் பாருங்கள்

வடக்கு அறை வெயில் படாதது, தெற்கு அறை எப்போதும் வெயில் உள்ளது என்று மேலைநாட்டுக் குறிப்புகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மதுரையில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். இங்கே கவலைப்பட வேண்டியது மேற்கு அறை. மாலை வெயிலின் மஞ்சள் ஏறினால் பழுப்புச் சாம்பல் அழுக்கேறியதுபோல் ஆகிவிடலாம். அந்த அறைக்குப் பழுப்பு குறைந்த சாம்பலைத் தேர்ந்தெடுங்கள். மேற்குப் பக்க வெளிச்சுவருக்கு அடர் சாம்பல் வேண்டவே வேண்டாம். வெப்பத்தை இழுத்து உள்ளே அனுப்பும்.

எல்இடி பல்பு அட்டையில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் சாய்ந்த வெள்ளை வெளிச்சம், 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம். பல்பை முதலில் முடிவு செய்துவிட்டுப் பெயிண்ட் வாங்குங்கள்.

5. பலகையில் அடித்துப் பாருங்கள்

பழைய பச்சைச் சுவரின் நடுவே மாதிரி அடித்தால் அந்தப் பச்சையே கண்ணை ஏமாற்றும். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகையில் பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் பெயிண்ட் அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன் பொதுவாகக் காய்ந்தபின் சற்று அடர்ந்து தெரியும். பலகையைச் சுவரோரம், தரையைத் தொட்டபடி நிமிர்த்தி வைத்துக் காலை, நண்பகல், மாலை, இரவு விளக்கு என்று நான்கு வேளையும் பாருங்கள்.

6. மற்ற நிறங்களைச் சேருங்கள்

அறையில் ஏறக்குறைய 60 பங்கு சாம்பல், 30 பங்கு இரண்டாம் நிறம், 10 பங்கு அழுத்தமான நிறம் என்பது வழக்கமான கணக்கு. அளவு நாடா எடுத்து அளக்கத் தேவையில்லை. பழுப்புச் சாம்பலோடு அரக்கு, செங்கல் நிறம், பித்தளை சேரும்; நீலச் சாம்பலோடு கடுகு மஞ்சள்; பச்சை கலந்த சாம்பலோடு மரமும் செடிகளும். அந்த 10 பங்குக்கு நம் ஊர்ச் சுங்குடியை விட்டு வேறெங்கும் தேட வேண்டாம். அரக்குச் சுங்குடியில் இரண்டு தலையணை உறைகள் தைத்துப் போட்டாலே சோர்ந்த அறை எழுந்து உட்காரும்.

மேல்தளத்துக்கு வெள்ளை. ஆனால் பழுப்புச் சாம்பலுக்கு மேலே நீலம் சாய்ந்த பளீர் வெள்ளை அடித்தால் சுவர் மங்கிவிடும். லேசாகக் கிரீம் சாய்ந்த வெள்ளை கேளுங்கள். பூஜையறைக்குச் சாம்பலா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் வாதாட வேண்டாம். அங்கே சந்தன நிறம் அடித்துவிடுங்கள், பக்கத்துச் சாம்பலோடு நன்றாகவே ஒத்துப்போகும்.

7. அடிக்கும்போது

ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு பட்டி, உப்புத்தாள், பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். மேல்தளம் முதலில், சுவர் அடுத்து. ஓர் அறைக்குத் தேவையான டப்பாக்களை ஒரே தடவையில் கலக்கச் சொல்லி வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலந்தபின் அடிக்கச் சொல்லுங்கள். சாம்பலில் துளி வித்தியாசமும் சுவரின் நடுவே கோடாகத் தெரியும். மீதமாவதை இறுக மூடி, ஷேட் எண்ணையும் அறையின் பெயரையும் மூடியில் எழுதி நிழலில் வையுங்கள். ஆணி அடித்த இடத்தைப் பூச உதவும்.