டிராவல் டிரெய்லர் இழுப்பது எப்படி? எடைமேடையிலிருந்து தொடங்குவோம்

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே அமைந்த டிராவல் டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்ப ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "என் வண்டி இதை இழுக்குமா?" என்பதுதான். நல்ல பிக்கப்போ பெரிய எஸ்.யூ.வி.யோ இருந்தால் பெரும்பாலும் இழுத்துவிடும். சிக்கல் இழுப்பதில் வருவதில்லை. சாலையில் நேராக ஓட்டுவதிலும், வேண்டிய இடத்தில் நிறுத்துவதிலும்தான் வருகிறது. இரண்டையும் தீர்மானிப்பது எடை. அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம்.

படி 1: வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது வெற்று எடை. தண்ணீர், பாத்திரம், துணிமணி, நாற்காலி எதுவும் அதில் சேராது. நீங்கள் பார்க்க வேண்டியது, சாமான் ஏற்றிய பிறகு டிரெய்லர் அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் ஒட்டியிருக்கும் எண்.

அடுத்தது மூக்கு எடை. டிரெய்லரின் முன்முனை உங்கள் வண்டியின் ஹிட்சை, அதாவது பின்னால் டிரெய்லரை மாட்டும் அமைப்பை, எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் அது. அமெரிக்க வகை டிரெய்லர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். ஐரோப்பிய கேரவன்களில் பொதுவாக 5 முதல் 7 சதவீதம் போதும். எந்த வகையானாலும் கையேட்டில் உள்ள வரம்பே கடைசி வார்த்தை.

இந்த மூக்கு எடை முழுவதும் உங்கள் வண்டி சுமக்கும் பாரத்தோடு சேரும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கணக்கு பார்ப்போம். வண்டியின் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர், ஆட்களும் சாமானும் சேர்ந்து 600 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது. நான்கு பேர் 280 கிலோ, டிக்கியில் சாமான் 60, ஹிட்ச் சாதனங்கள் 40. மீதி 220 கிலோ. டிரெய்லர் சாமானோடு 2,500 கிலோ என்றால் மூக்கு எடை குறைந்தது 250. அதாவது 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட வண்டியே இந்தக் குடும்பத்தோடு 2,500 கிலோ டிரெய்லரை முறைப்படி இழுக்க முடியாது. விற்பனையாளர் சொல்வதைவிட அந்த ஸ்டிக்கரை நம்புங்கள்.

எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் வாங்கினால் இந்த வரம்பு கூடிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கூடாது. பின் அச்சில் விழும் பாரத்தில் ஒரு பகுதியை அது முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். வண்டியின் முன்பக்கம் தூக்காமல், ஸ்டியரிங் பிடிமானம் போகாமல் காக்கும். நல்ல சாதனம், வாங்குங்கள். ஆனால் வரம்பு வரம்புதான்.

படி 2: எடைமேடைக்குப் போங்கள்

முதல் பயணத்துக்குச் சாமான் ஏற்றிய பிறகு, லாரிகளை எடை போடும் எடைமேடையில் மூன்று முறை எடை பார்த்துவிடுங்கள்.

1. வண்டி, டிரெய்லர் இரண்டும் மேடைமேல்.
2. டிரெய்லர் மாட்டியபடியே, வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடைமேல். எடையைப் பகிரும் கம்பிகள் இருந்தால் கழற்றிவிடுங்கள்.
3. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்களோடு வண்டி மட்டும்.

முதல் எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் டிரெய்லரின் எடை. இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் மூக்கு எடை. இந்த இரண்டும் கையில் இருந்தால் மற்ற எல்லா முடிவுகளும் சுலபம்.

மூக்கு எடை குறைவாக வந்தால் கனமான பொருள்களை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக வையுங்கள். சைக்கிள்களைப் பின்பம்பரில் மாட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடுவது நல்லது. பின்கோடியில் தொங்கும் எடை மூக்கை மேலே தூக்கும். டிரெய்லர் சாலையில் வாலாட்டுவதற்கு முதல் காரணம் அதுதான். தண்ணீரையும் மறக்காதீர்கள். 150 லிட்டர் தொட்டி நிறைந்தால் 150 கிலோ.

படி 3: மாட்டும்போது அவசரம் கூடாது

வண்டியின் ஹிட்சில் உள்ள இரும்பு உருண்டைதான் ஹிட்ச் பால். அதன் அளவும், டிரெய்லரின் மூக்கில் இருந்து அதைக் கவ்வும் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குல கப்ளர், 2 5/16 அங்குல கப்ளர் என்று அளவு அதன்மேலேயே பொறித்திருக்கும். பெரிய கப்ளர் சின்ன பாலின்மேல் அழகாக உட்காரும். முதல் பெரிய பள்ளத்தில் கழன்றுவிடும்.

கப்ளரை பாலின்மேல் இறக்கி, தாழ்ப்பாளை மூடி, ஊசியைச் செருகுங்கள். இத்தோடு முடிந்தது என்று நகர்ந்துவிடாதீர்கள். சில சமயம் பால் உள்ளே முழுதாகப் போகாமல், கப்ளரின் விளிம்பு மட்டும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: தாழ்ப்பாள் மூடிய நிலையில் மூக்கு ஜாக்கியைச் சுற்றி டிரெய்லரின் முன்பக்கத்தை உயர்த்துங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் கப்ளர் கவ்வியிருக்கிறது. வண்டி அசையாமல் கப்ளர் மட்டும் மேலே வந்தால் கவ்வவில்லை, திரும்பவும் முதலிலிருந்து.

சேஃப்டி செயின்கள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் செயின்கள் தாங்கிப் பிடிக்கும். வளைவில் திரும்பும் அளவுக்குத் தளர்வு வேண்டும், சாலையில் உரசக் கூடாது. அவசர பிரேக் கேபிளைச் செயினோடு சேர்த்துக் கட்டாமல் வண்டியில் தனியாக மாட்டுங்கள். டிரெய்லர் பிரிந்து அந்தக் கேபிள் இழுபட்டால் டிரெய்லரின் பேட்டரிதான் பிரேக்கைப் போடும். பேட்டரியில் சார்ஜ் இல்லையென்றால் கேபிள் இருந்தும் பயனில்லை.

கடைசியாக விளக்குகள். ஒருவர் பின்னால் நின்று பார்க்க, பிரேக், இடது, வலது மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

படி 4: பிரேக்கைச் சரிசெய்தல்

எலக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லருக்கு அதன் பிரேக்கை இயக்க வண்டிக்குள் ஒரு பிரேக் கன்ட்ரோலர் வேண்டும். ஆளில்லாத சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் தெளிவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தேயக் கூடாது. பூட்டினால் அளவைக் கொஞ்சம் குறையுங்கள். சாமான் கூடினாலும் குறைந்தாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

படி 5: டயரும் சக்கரமும்

டிரெய்லர் டயர் பட்டன் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதுதான் அதிகம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடத்தை நெருங்கிவிட்டால், பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரெய்லரின் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். பல டிரெய்லர் டயர்களின் வேக வரம்பு மணிக்கு 105 கிலோமீட்டர்தான். 90 முதல் 95க்குள் ஓட்டுவதே என் சிபாரிசு.

சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால், முதல் 80 கிலோமீட்டரில் ஒருமுறையும் 160இல் ஒருமுறையும் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்கிப் பாருங்கள். வழியில் நிறுத்தும்போதெல்லாம் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பேரிங்கிலோ பிரேக்கிலோ கோளாறு.

படி 6: சாலையில்

திரும்பும்போது டிரெய்லர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் வளைவுக்குள் வழக்கத்தைவிடத் தாமதமாகத் திருப்புங்கள். ஏசி பெட்டியோடு சேர்த்து டிரெய்லரின் உயரத்தை அளந்து, டேஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள். இறக்கத்தில் இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.

டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்த்து வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், கன்ட்ரோலரின் கைப்பிடியை அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். பின்னால் உள்ளது இழுபட்டால் இரண்டும் நேராகிவிடும். பிறகு ஓரமாக நிறுத்தி, சாமான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காற்றையோ லாரியையோ குறை சொல்லிவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள். ஒழுங்காக எடை வைத்த டிரெய்லர் ஒரு லாரி கடந்துபோனதற்காகத் தொடர்ந்து ஆடாது.

பின்னால் எடுப்பதற்குக் காலி மைதானத்தில் பழகுங்கள். கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வையுங்கள்: கை இடப்பக்கம் போனால் டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கோணம் அதிகமாகிவிட்டால் முன்னால் எடுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி செய்யலாம், அதில் ஒன்றும் குறைவில்லை.

படி 7: தங்கும் இடத்தில்

வரிசை முக்கியம். வண்டியில் மாட்டியிருக்கும்போதே ரசமட்டம் வைத்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து இடவலச் சமத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை. அதன் பிறகே கப்ளரைக் கழற்ற வேண்டும். முன்பின் சமத்தை மூக்கு ஜாக்கியால் கொண்டுவாருங்கள். மூலைகளில் உள்ள ஜாக்கிகள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. டிரெய்லரைத் தூக்கப் பயன்படுத்தினால் சட்டம் வளையும். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் சமமாக இருந்தால்தான் ஒழுங்காகக் குளிரும்.

குழாயில் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர் மாட்டிய பிறகே தண்ணீர் ஹோஸை இணையுங்கள். வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் நிரம்பும் முன் மின்சார ஸ்விட்சைப் போட்டால் ஹீட்டர் காயில் எரிந்துவிடும்.

கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே விடாதீர்கள். தண்ணீர் வடிந்து, திடக்கழிவு தங்கி இறுகிவிடும். முக்கால் பங்கு நிறைந்த பிறகு திறந்து காலி செய்யுங்கள். அடுத்து குளியல், சமையல் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் அதே ஹோஸ் கழுவப்பட்டுவிடும்.

படி 8: வீட்டில் நிற்கும்போது

டிரெய்லர்களைச் சாகடிப்பது ஓட்டத்தைவிடக் கூரை ஒழுக்குதான். வருடத்துக்கு இரண்டு முறை மேலே ஏணி போட்டு, காற்றுப்போக்கி, ஜன்னல், ஓரங்கள் எல்லாவற்றிலும் சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அங்கே தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டது. புது சீலன்ட் பூசும் முன் கூரை ரப்பரா, ஃபைபர் கிளாஸா என்று கையேட்டில் பார்த்து, அதற்கு ஒத்துப்போகும் வகையையே வாங்குங்கள்.