ஓட்டுக்குப் பரிசு வைத்தால் ஓட்டுதான் வரும்: லாஞ்ச் குழுவுக்கு நியாயமான பரிசு முறை அமைப்பது எப்படி?

போன வருஷம் சேலத்தில் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு ஆன்லைன் லாஞ்ச் குழு ஆரம்பித்தோம். செயலி, வெப்சைட், சின்னச் சின்ன டூல் என்று எதையாவது செய்து வைத்துக்கொண்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் நம் ஊரில் நிறைய. சனிக்கிழமைதோறும் பத்துப் பதினைந்து பேர் தாங்கள் செய்ததைப் போடுவார்கள், மற்றவர்கள் பார்த்து ஓட்டுப் போடுவார்கள், அதிக ஓட்டு வாங்கியவருக்கு 2,000 ரூபாய். இவ்வளவுதான் விதி. மூன்றாவது வாரமே நாறிவிட்டது.

அந்த வாரம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருவர் ஒரு செயலி போட்டிருந்தார். வியாபாரி எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தார், கொலுசாகத் திரும்பிப் போனது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, கூலி பாக்கி எவ்வளவு என்று அவருடைய அப்பா அட்டை போட்ட நோட்டில் வருஷக்கணக்காக எழுதிவந்த கணக்கை அப்படியே செல்போனுக்குள் கொண்டு வந்திருந்தார். அதற்கு 19 ஓட்டு. முதலிடம் பிடித்தது ஒரு வால்பேப்பர் செயலி, 212 ஓட்டு, முக்கால்வாசி ஒரே கல்லூரி ஹாஸ்டலிலிருந்து, அதுவும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் வரிசையில் நின்ற அரை மணி நேரத்தில். கூப்பிட்டுக் கேட்டதற்கு அந்தத் தம்பி சொன்னது: "அண்ணா, ஓட்டுதானே கேட்டீங்க, வாங்கிட்டு வந்துட்டேன். இதுல என்ன தப்பு?"

யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம் தப்பே இல்லை. எங்கள் விதியை எங்களை விடச் சரியாகப் படித்தவர் அவர்தான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினோம். இப்படி ஒரு குழு தொடங்க நினைப்பவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு கூகுள் ஷீட் போதும்.

புதியவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். இந்த வகையில் பெரிய பெயர் ப்ராடக்ட் ஹன்ட். ரயன் ஹூவர் என்பவர் 2013-இல் வெறும் மின்னஞ்சல் பட்டியலாக ஆரம்பித்தது. அங்கே ஒரு நாள் என்பது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவு 12:01-க்குத் தொடங்கும், அதாவது நமக்குக் கோடையில் மதியம் 12:31, அவர்கள் கடிகாரத்தை மாற்றிவைக்கும் குளிர்காலத்தில் 1:31. சோறு சாப்பிடும் நேரத்தில் லாஞ்ச், அவர்கள் ஊர் விழித்துப் பார்ப்பதற்குள் நமக்கு ராத்திரி. நம்மவர்களுக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 1: எதற்குப் பரிசு? ஒரே வரியில் எழுதுங்கள்

இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பறிக்கிற பழத்துக்குக் கிலோ கணக்கில் கூலி என்றால் சாக்கு சீக்கிரம் நிறையும், ஆனால் சிவந்த பழத்தோடு பச்சைக்காயும் சேர்ந்தே வரும், ஏனென்றால் தராசுக்கு நிறம் தெரியாது. எடை போடும் இடத்தில் ஓர் ஆள் நின்று சாக்குக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான். பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆட்களை நடத்த ஆரம்பித்தால், அந்த எண் அதுவரை எதைக் காட்டிக்கொண்டிருந்ததோ அதைக் காட்டுவதை நிறுத்திவிடும்.

நாங்கள் எழுதிய வரி இது: "செய்தவருக்கு அடுத்த வாரம் உட்கார்ந்து வேலை செய்ய ஏதாவது கிடைக்க வேண்டும்." ஓட்டு என்ற சொல்லே அதில் இல்லை, கவனியுங்கள். உங்கள் வரி வேறாக இருக்கலாம், ஆனால் அதில் "அதிகம்" என்ற சொல் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

படி 2: யார் ஓட்டு செல்லும்?

ஒரு செல்போன் எண்ணுக்கு ஓர் ஓட்டு. குழுவில் சேர்ந்து ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும். இந்த ஒரு விதியிலேயே ஹாஸ்டல் மெஸ் வரிசை காலி. பெரிய தளங்களிலும் எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை கிடையாது. ப்ராடக்ட் ஹன்ட்டில் சந்தேகத்துக்குரிய கணக்குகளின் ஓட்டு தரவரிசையில் ஏறாது. கூட்டமாகச் சேர்ந்து போடும் ஓட்டைக் கண்டுபிடிப்பதற்கென்றே, தொழில்நுட்பச் செய்திகளுக்கு ஓட்டுப் போடும் தளமான ஹேக்கர் நியூஸில் மென்பொருள் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த ஏழு நாள் விதி முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன். பட்டறைக் கணக்குச் செயலியை நிஜமாகவே பயன்படுத்தப் போகிறவர்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள். அவர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே வருவார்கள், அவர்களை வாசலில் நிறுத்தினால் நஷ்டம் யாருக்கு? அதனால் புதிதாக வந்தவர் அன்றே கருத்து எழுதலாம், அந்தக் கருத்துக்கு முழு மதிப்பு உண்டு, ஓட்டு மட்டும் அடுத்த வாரம் முதல் என்று வைத்துக்கொண்டோம். ஐம்பது பேரைப் பிடித்து ஓட்டுப் போட வைத்துவிடலாம். ஐம்பது பேரை உட்கார வைத்துக் கருத்து எழுத வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

படி 3: எண்ணிக்கையை மூடி வையுங்கள், வரிசையைக் கலைத்து விடுங்கள்

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே முக்கியமான படி இதுதான், செலவும் இல்லை.

2006-இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 14,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். யாரும் கேட்டிராத 48 பாடல்கள். சிலருக்கு வெறும் பாடல்களைக் காட்டினார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எது எத்தனை முறை டவுன்லோடு ஆனது என்ற எண்ணையும் காட்டினார்கள். எண்ணைப் பார்த்தவர்கள் இருந்த உலகங்களில் பெரியது மேலும் பெரியதானது, அதோடு எது பெரியதாகும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. ஒரே பாடல் ஓர் உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் நாற்பதாவது இடம். 2013-இல் வந்த இன்னோர் ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துகளுக்கு ஆய்வாளர்களே குருட்டாம்போக்கில் ஒரே ஒரு ஆதரவு ஓட்டு முதலில் போட்டுவிட்டார்கள். கடைசிக் கணக்கில் அவற்றின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. ஒரு ஓட்டுக்கு அவ்வளவு!

இதற்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தெரியும்தானே? 1981-இல் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்காக ஆரம்பித்தது. அங்கே சரக்கு ரகசிய டெண்டரில்தான் விலைபோகும். வியாபாரி மாதிரியைப் பார்த்துத் தன் விலையைத் தனியாகப் போடுவார், பக்கத்து ஆள் என்ன போட்டார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் சரக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நம் குழுவுக்கும் அதேதான். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை எண்ணிக்கை யாருக்கும் தெரியக்கூடாது, செய்தவருக்கும் சேர்த்துத்தான். ப்ராடக்ட் ஹன்ட்டிலும் நாள் தொடங்கிய முதல் சில மணி நேரத்துக்கு ஓட்டைக் காட்டாமல், வரிசையையும் கலைத்துப் போடும் வழக்கம் உண்டு.

கூகுள் ஃபார்மில் செய்வது சுலபம். கேள்வியின் மூன்று புள்ளி மெனுவில் தேர்வுகளின் வரிசையைக் கலைக்கும் வசதி இருக்கும், அதை இயக்குங்கள். அப்புறம் அமைப்புகளில் முடிவுச் சுருக்கத்தைக் காட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். நாங்கள் முதல் தடவை அதை மறந்துவிட்டு, மத்தியானம் வரைக்கும் எல்லாரும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுப் போட்டார்கள்.

படி 4: மொய் நோட்டைத் தேடுங்கள்

கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போல ஓட்டையும் எழுதுவார்கள். "உங்களுக்கு நான் போட்டேன், அடுத்த வாரம் எனக்கு நீங்க போடணும்." யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுகூட இல்லை, வாங்கியவருக்குத் திருப்பிச் செய்யாவிட்டால் மனசு உறுத்தும். மொய்யில் அது நல்ல பழக்கம். ஓட்டில் அது வந்துவிட்டால் ஆள்பலம் உள்ள ஐந்து பேரே மாறி மாறி ஜெயிப்பார்கள்.

ஷீட்டில் நான்கு பத்திகள் வையுங்கள்: ஓட்டுப் போட்டவர், யாருக்கு, எத்தனை மணிக்கு, குழுவில் எப்போது சேர்ந்தார். நான்கு வாரம் சேர்ந்ததும் ஒரு பிவட் டேபிள் (யார் யாருக்கு எத்தனை முறை என்று ஷீட்டே எண்ணித் தரும் அட்டவணை) போடுங்கள், வரிசையில் போட்டவர், பத்தியில் வாங்கியவர். சாதாரணமாக எண்கள் மணல் தூவியது போலச் சிதறி இருக்கும். எங்களுக்கு ஒரு மூலையில் மட்டும் நான்குக்கு நான்கு கட்டமாக எல்லாக் கட்டத்திலும் 4, 4, 4, 4 என்று நின்றது, அவரவர் பெயரும் அவரவர் பெயரும் சந்திக்கும் குறுக்குக் கோட்டில் மட்டும் காலி. நேரத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்பதேகாலுக்குள். பார்த்ததும் சிரிப்புதான் வந்தது.

உடனே பெயரைப் போட்டு அசிங்கப்படுத்தாதீர்கள். ஒரே தெருக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஓட்டுப் போடுவது இயல்பு. ஒரு கும்பலிலிருந்து எத்தனை ஓட்டு வந்தாலும் கணக்கில் ஒன்றுதான் என்று விதி வைத்து, அதை எல்லாருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டோம். இந்தப் பிவட் டேபிளை இப்போது வாராவாரம் பார்ப்பது அந்த வால்பேப்பர் தம்பிதான். அவர் கண்ணுக்குத் தப்பாது.

படி 5: கருத்துக்குப் புள்ளி கொடுங்கள், ஆனால் அளந்து

முதலில் கருத்து ஒன்றுக்கு ஒரு புள்ளி என்று வைத்தோம். "சூப்பர்", "வாழ்த்துகள் சார்", கைதட்டும் எமோஜி என்று கொட்டியது. தராசு கதைதான் திரும்ப.

இப்போதைய முறை: ஒவ்வொரு லாஞ்சுக்கும் செய்தவர் கையில் மூன்று முத்திரை. தனக்கு நிஜமாக உதவிய மூன்று கருத்துகளுக்கு அவர் அதைக் கொடுக்கலாம். கொடுக்கும்போது, அதை வைத்து என்ன மாற்றினேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிதான் பூட்டு. நண்பனுக்குச் சும்மா கொடுக்க வந்தவர் அந்த வரியில் மாட்டிக்கொள்வார். கொலுசுச் செயலி இரண்டாம் முறை வந்தபோது வயதான பட்டறைக்காரர் ஒருவர் எழுதியது: "வெள்ளி ஒவ்வொரு தடவையும் ஒரே டச்சில் வராதுங்க, அதை எங்க எழுதறது?" அவ்வளவுதான் கருத்து. டச் என்றால் வெள்ளியின் சுத்தம். அந்தப் பெண் டச் எழுத ஒரு கட்டம் சேர்த்துவிட்டு முதல் முத்திரையை அவருக்குக் கொடுத்தார். ஓட்டும் முத்திரையும் சேர்த்து மதிப்பெண் போடும்போது, ஒரு முத்திரைக்கு ஐந்து ஓட்டின் எடை, செய்தவருக்கும் கருத்து சொன்னவருக்கும் தனித்தனியாக. முத்திரை கொடுக்கக் கொடுக்கத் தன் மதிப்பெண்ணும் ஏறும் என்பதால், சும்மா மூன்றையும் தீர்த்துவிடப் பார்க்கிறார்கள். அந்த வரியை நாங்கள் படித்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறோம், இன்னும் சரியான வழி பிடிபடவில்லை.

படி 6: நேரக் கணக்கு (சின்னக் குழு என்றால் தாண்டிப் போங்கள்)

வாரம் ஒரு நாள் லாஞ்ச் என்றால் எல்லாருக்கும் ஒரே நேரம், பிரச்சினை இல்லை. தினமும் எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்றால் பழையது மேலேயே உட்கார்ந்துகொள்ளும். ஹேக்கர் நியூஸின் கணக்கு என்று பரவலாகச் சொல்லப்படுவது இது: ஓட்டிலிருந்து 1-ஐக் கழித்து, போட்டு எத்தனை மணி நேரம் ஆனதோ அதோடு 2 கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை 1.8 அடுக்குக்கு (பவர்) உயர்த்தி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 10 ஓட்டு வாங்கியதற்கு சுமார் 1.25 வரும், பத்து மணி நேரத்தில் 40 ஓட்டு வாங்கியதற்கு 0.45-க்கும் கீழே. புதியது மேலே ஏறிவிடும்.

படி 7: என்ன பரிசு?

2,000 ரூபாயை எடுத்துவிட்டோம். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. சங்கடமாக இருந்தது கட்டணமாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு வரவில்லை. பணம் உள்ளே வந்தால் கணக்கே மாறிவிடும், எங்களுக்கும் அதே அனுபவம்.

இப்போதைய பரிசு, ஐந்து நிஜ வாடிக்கையாளர்களோடு ஒரு மணி நேரம். செய்தவர் யாருக்காகச் செய்தாரோ அந்த ஆட்களிடம் நாங்களே கூட்டிப்போவோம், லீ பஜார் மளிகைக் கடையோ கொண்டலாம்பட்டித் தறிக்கூடமோ. ஓட்டை ஏமாற்றி வாங்கியவருக்கு இந்தப் பரிசால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆகவே ஏமாற்றவும் யாரும் மெனக்கெடுவதில்லை.

படி 8: நடத்துகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும்

நடத்துகிறவர் தன் தயாரிப்பைப் போட்டிக்கு விடக்கூடாது. சொந்தக்காரர் போட்டால் அதை மேலேயே எழுதிவிட வேண்டும். விதி எதையும் வாரத்தின் நடுவில் மாற்றாதீர்கள், எவ்வளவு எரிச்சல் வந்தாலும் அடுத்த சனிக்கிழமை முதல்தான். காசுக்கு எழுதிய கருத்து என்று தெரிந்தால் எடுத்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஆன்லைன் விமர்சனங்களுக்காகக் கொண்டு வந்த ஐஎஸ் 19000 தரநிலையும் விலைக்கு வாங்கிய விமர்சனங்களை வெளியிடக்கூடாது என்கிறது. யாருக்காவது முடிவில் மனத்தாங்கல் என்றால் கேட்க 24 மணி நேரம் கொடுங்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஓட்டுப் போட்டவர்களின் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு முழு ஷீட்டையும் எல்லாரும் பார்க்கும்படி திறந்துவிடுங்கள்.

முதல் வாரத்துக்கு ஐந்து தயாரிப்பு, முப்பது பேர் போதும். ஃபார்மை வெள்ளிக்கிழமை ராத்திரியே இரண்டு செல்போனில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.