நில, பயிர்ப் புள்ளிவிவரங்களைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டாவில் 0-40.50 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ‘நாற்பது சென்ட்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. அது ஹெக்டேர், ஏர் கணக்கு: 0 ஹெக்டேர், 40.50 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஆக, அந்த நிலம் ஒரு ஏக்கர். ஒரே பட்டா என்றால் பத்திரத்தோடு ஒப்பிடும்போது பிழை தெரிந்துவிடும். நூற்றுக்கணக்கான சர்வே எண்களை எக்செலில் ஏற்றிக் கூட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாது.

இதைவிடப் பெரிய குழப்பம் மொத்த சாகுபடிப் பரப்புக்கும் நிகர சாகுபடிப் பரப்புக்கும் இடையில். காவிரி டெல்டாவில் குறுவை அறுத்து அதே வயலில் தாளடி நட்ட ஐந்து ஏக்கர், இரண்டு போகம் என்பதால் மொத்தப் பரப்பில் பத்து ஏக்கராக நிற்கும்; நிகரப் பரப்பில் ஐந்துதான். சம்பா ஒரு போகம் மட்டும் போடும் வயலுக்கு இரண்டும் ஒன்றே. விதை, உரத் தேவையைக் கணக்கிட மொத்தப் பரப்பு வேண்டும். வயல்கள் மனைகளாகிக் குறைகின்றனவா என்று பார்க்க நிகரப் பரப்பு வேண்டும். மாற்றிப் பிடித்தால், மேட்டூரில் தண்ணீர் திறக்கத் தாமதமாகிக் குறுவை தவறிய ஆண்டில் ‘விளைநிலம் அழிந்தது’ என்று எழுதிவைப்போம். அடுத்த ஆண்டே அது ‘மீண்டும்’ வந்துவிடும்!

ஆண்டிலும் கவனம் தேவை. கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கல், வருவாய்த் துறையின் ஆண்டான பசலிப்படி ஓடுகிறது: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. 2024 ஐப்பசி மழையில் வளர்ந்த சம்பா 2025 தையில்தான் அறுவடையாகும். அந்த விளைச்சலை 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை பெய்த மழையோடு பொருத்தினால் எந்தத் தொடர்பும் கிடைக்காது.

விளைச்சல் எண்ணில், அது நெல்லா அரிசியா என்று முதலில் பாருங்கள். நெல்லை அரைத்தால் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் அரிசி தேறும். பயிர் அறுவடைப் பரிசோதனையில் நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டை அறுத்து எடை போடுகிறார்கள்; வயல்கள் குலுக்கல் முறையில் தேர்வாகின்றன. கிடைப்பது வட்டாரச் சராசரி. உங்கள் வயலின் விளைச்சல் அதில் தெரியாது.

வனப்பரப்பும் இப்படித்தான். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரங்களின் கிளையும் இலையும் மேலிருந்து 10 விழுக்காடு தரையை மூடியிருந்தாலே இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை வனப் போர்வையில் சேர்த்துக்கொள்கிறது. யாருடைய நிலம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் அதற்குள் வந்துவிடும். காடு என்று அரசு ஆவணத்தில் பதிவான நிலத்தின் அளவு வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து ‘இத்தனை ஹெக்டேர் காடு காணோம்’ என்று செய்தி போடுவதற்கு முன், அட்டவணையின் தலைப்பையும் அடிக்குறிப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.